மரியாதைக்குத் தூங்கின முனிராஜ்

1949-ஆம் வருஷம் ஆகஸ்ட் பதிமூணு, சனிக்கிழமை காலையில முனிராஜ் செத்துப்போனாரு. நான் சொல்லலைங்க, ஆபீஸ் ரெக்கார்டு சொல்லுது. கையெழுத்து இருக்கு, சீல் இருக்கு. அன்னிக்கு மத்தியானம் அவரே சைக்கிளை மிதிச்சு மர்பி டவுனுக்குச் சாப்பிடப் போனாரு. அதுக்கப்புறம் பதினோரு வருஷம் தவறாம காலையில எட்டு மணிக்கு வேலைக்கு வந்தாரு. அதெல்லாம் ரெக்கார்டுல ஏறலை.

பெங்களூருல எங்க நர்ஸிங் ஸ்கூலுக்கு ஆண்டு விழா மலர் போட்டாங்க. மேட்ரனுக்கு ரெண்டு பக்கம், கட்டடத்துக்கு மூணு பக்கம். முனிராஜுக்கு? "மற்றும் பணியாளர்கள்"னு கடைசியில ஒரு வரி. எனக்கு வந்த ஆத்திரத்துல அந்த மலரை வெச்சுத்தான் ஒரு மாசம் அடுப்புலேருந்து பால் பாத்திரம் இறக்கினேன். அந்த ஸ்கூல்ல படிச்ச அத்தனை பிள்ளைங்களும் மருந்து உடம்புல என்ன பண்ணும்னு தெரிஞ்சுக்கிட்டது அந்த ஒரு மனுஷனைப் பார்த்துத்தான். அதனால நானே எழுதறேன். என் பேரு டோரதி. 1952-ல அங்க படிக்கச் சேர்ந்தேன், அப்புறம் அங்கயே டியூட்டர் ஆனேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்திம்பாங்க. இருந்துட்டுப் போகட்டும்.

முனிராஜ் பொறந்தது கோலார் தங்க வயல்ல, மாரிகுப்பத்துல. அப்பா சுரங்கத்துல இறங்கற ஆளு. ஒரு நாள் இறங்கினவரு திரும்ப ஏறலை. கீழ பாறை வெடிச்சுதுன்னு சொல்லி ஒரு துண்டையும் செருப்பையும் வீட்டுல குடுத்துட்டுப் போனாங்களாம். அவங்க அம்மா ஏழு வயசுப் பிள்ளையை இழுத்துக்கிட்டு ரயிலேறி பெங்களூருக்கு வந்துட்டாங்க. அதுலேருந்து முனிராஜுக்குப் பூமிக்குக் கீழ போறதுன்னா உசிரே போயிடும். எங்க ஸ்டோர் ரூம் நாலே நாலு படி கீழ. அந்த நாலு படி இறங்கறதுக்குள்ள சட்டை தொப்பலா நனைஞ்சிரும்.

1949-ல எங்க ஸ்கூலுக்கு டாக்டர் சேஷகிரி மருந்தியல் பாடம் எடுக்க வந்தாரு. மைசூர் சமஸ்தானத்துல தலைமுறையா உத்தியோகம் பார்த்த குடும்பம். நல்ல மனுஷன், சாது. புஸ்தகத்துல போட்டிருக்கிறது கண்ணு முன்னால நடந்தா குழந்தை மாதிரி சந்தோஷப்படுவாரு. மருந்து கொடுத்தா என்ன ஆகும்னு பிள்ளைங்களுக்கு நேர்லயே காட்டணும்னு ஆசைப்பட்டு அல்சூர் ஏரியிலேருந்து ரெண்டு டஜன் தவளை பிடிச்சுட்டு வரச் சொன்னாரு. பின்பக்கம் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டினாங்க. தவளையைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும்னு எழுதி, அட்டெண்டர் போஸ்ட் வாங்கி, அதுல முனிராஜைத் தற்காலிகமா வேலைக்கு எடுத்தாங்க.

மூணாம் நாள் தவளைங்க தொட்டியிலேருந்து குதிச்சு மேட்ரனோட குளியலறைக்குப் போயிருச்சு. உள்ள அப்போ மேட்ரனும் இருந்தாங்க. அந்தக் கூச்சல் பரேடு மைதானம் வரைக்கும் கேட்டுதுன்னு சொல்வாங்க. ஒண்ணு தவளை இருக்கணும், இல்ல நான் இருக்கணும்னு மேட்ரன் எழுதிக் குடுத்துட்டாங்க. தவளைங்க போச்சு. போஸ்ட் மட்டும் நின்னுது, அதுல முனிராஜ் இருந்தாரு.

டாக்டர் ரெண்டு நாள் தலையில கையை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. மூணாம் நாள் கண்ணாடி மெஷர் கிளாஸ் கழுவிக்கிட்டிருந்த முனிராஜை மேலயும் கீழயும் பார்த்தாரு.

"ஏம்ப்பா முனிராஜ், மருந்து உள்ள போய் என்ன பண்றதுன்னு தவளைக்குச் சொல்லத் தெரியாது. உனக்குத் தெரியுமோல்லியோ?"

"தெரியுங்க டாக்டரே."

"அப்போ நீதான் மேல்."

அந்த சனிக்கிழமைதான் ஆகஸ்ட் பதிமூணு. பத்து கிரெய்ன் கொய்னா, மலேரியாக் காய்ச்சலுக்குக் குடுக்கற மருந்து. கிரெய்ன்கிறது அப்போ மருந்து நிறுக்கற பழைய எடை, ஒரு துளியூண்டு. முனிராஜ் ஸ்டூல்ல உட்கார்ந்து, வாய்ல போட்டுத் தண்ணி குடிச்சாரு. கொஞ்ச நேரத்துல, "காதுக்குள்ள வண்டு கத்துதுங்க"ன்னாரு. டாக்டர் கை தட்டினாராம். பக்கவிளைவுன்னா என்னன்னு அந்த பேட்சுக்குப் புரிஞ்சுது.

அதுலேருந்து சனிக்கிழமைன்னா முனிராஜ்தான். மாத்திரையை முழுங்கினா எத்தனை நிமிஷம், அதையே நாக்குக்கு அடியில வெச்சா எத்தனை நிமிஷம்னு அவரை வெச்சுத்தான் பார்ப்போம். ஒரு கண்ணுல மட்டும் சொட்டு மருந்து விட்டு, ரெண்டு கண்ணுப் பாப்பாவையும் டார்ச் அடிச்சு ஒப்பிட்டுப் பார்ப்போம். டோஸ் கணக்கெல்லாம் அவரோட எடையில, நூத்திப் பன்னெண்டு பவுண்டு. என் கல்யாணத் தேதி எனக்கு மறந்துபோகும், அந்த நூத்திப் பன்னெண்டு மறக்காது. அவரும் சும்மா உட்காரமாட்டாரு. "வாய் காயுது, எழுதிக்கோங்க. இப்போ படபடப்பு, எழுதிக்கோங்க"ன்னு ரயில்வே ஸ்டேஷன்ல சொல்ற மாதிரி வரிசையா சொல்வாரு. எங்களுக்கு ஸ்பெல்லிங் தெரியலைன்னா அதையும் சொல்வாரு.

நான் ரெண்டாம் வருஷம் படிக்கறப்போ ஒரு சனிக்கிழமை. அன்னிக்கு எஃபெட்ரின் பாடம், நாடித் துடிப்பைக் கூட்டற மருந்து. நான் லேட்டு. பின்பக்கமா திருட்டுத்தனமா நுழைஞ்சா, முனிராஜ் அண்ணன் மாடிப்படியில தடதடன்னு ஏறறாரு, இறங்கறாரு, மறுபடி ஏறறாரு. எதையோ தேடறாருன்னு நினைச்சேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு வகுப்புல ஸ்டூல்ல அமைதியா உட்கார்ந்து மருந்து குடிக்கறாரு. நாடி பிடிக்கற முறை என்னோடது. மருந்து தொண்டையில இறங்கறதுக்குள்ள நாடி நூத்திப் பத்து!

வகுப்பு முடிஞ்சதும் தொட்டிகிட்ட போய்ப் பிடிச்சேன். "அண்ணா, நீங்க மருந்தே குடிக்கலை."

அவரு மறைக்கலை. "குடிக்கறதில்லைம்மா. மூணு வருஷமாச்சு"ன்னாரு.

கேட்டா கதை இப்படி. 1950-ல தூக்க மருந்துப் பாடம். ரெண்டு கிரெய்ன் பினோபார்பிடோன். இருபது நிமிஷத்துல தூங்கிடணும்னு டாக்டர் போர்டுல எழுதிட்டாரு. முனிராஜ் நிஜமாவே குடிச்சாரு. இருபது நிமிஷம் ஆச்சு, நாப்பது ஆச்சு, ஒரு மணி நேரம் ஆச்சு. ஆளு குத்துக்கல்லு மாதிரி உட்கார்ந்துக்கிட்டு, "டாக்டரே, இன்னிக்கு டீ வரலையே"ன்னு கேட்டாராம். சில பேர் உடம்பு அப்படித்தான், மருந்து ஒண்ணு சொன்னா அது வேற ஒண்ணு பண்ணும். டாக்டருக்கும் அது தெரியும், பாடமே எடுப்பாரு. ஆனா பொண்ணுங்க கிசுகிசுன்னு சிரிச்சுட்டாங்க. டாக்டர் போர்டுல எழுதினதை மெதுவா அழிச்சாராம்.

"எனக்கு மனசே கேட்கலைம்மா"ன்னாரு முனிராஜ். "என்னை ஒரு மனுஷனா ஸ்டூல் போட்டு நடுவுல உட்கார வெச்சவரு. அந்த மூஞ்சி அப்படி வாடிப்போச்சு. அடுத்த பேட்சு வந்தப்போ இருபதாவது நிமிஷம் டான்னு தூங்கிட்டேன்."

"நிஜமாவா?"

"மரியாதைக்கும்மா. கொஞ்சம் குறட்டையும் விட்டேன். டாக்டர் அன்னிக்கு டீயோட ரெண்டு பிஸ்கட்டு அனுப்பினாரு."

அப்புறம் யோசிச்சிருக்காரு. மருந்து குடிச்சாலும் நாமதான் தூங்கிக் காட்டணும், குடிக்கலைன்னாலும் நாமதான் தூங்கிக் காட்டணும். பின்ன எதுக்குக் குடிக்கணும்? மருந்தைத் தயார் பண்ணி உள்ள கொண்டுவர்றது அவரேதான். நிஜ மருந்தைப் பின்பக்க ஜன்னல் வழியா சிமெண்டுத் தொட்டியில ஊத்திட்டு, மாத்திரைன்னா பொடி பண்ணி அதுலயே கரைச்சுட்டு, கிளாஸ்ல வெல்லத் தண்ணி கொண்டுவந்தாரு. கண் சொட்டு மருந்து மட்டும் நிஜம், ஏன்னா கண்ணுப் பாப்பாவை ஏமாத்த முடியாது.

"தொட்டியிலயா ஊத்தறீங்க?"ன்னு எட்டிப் பார்த்தேன். மழைக்குத் தண்ணி தேங்கி, எங்கிருந்தோ தவளைங்க மறுபடி குடிவந்திருந்துச்சு. பதினஞ்சு இருபது இருக்கும். ஒண்ணு கூட கத்தலை. ஒண்ணு மல்லாக்கப் படுத்துக்கிட்டு ஆகாசத்தைப் பார்த்துக்கிட்டிருந்துச்சு. ஒண்ணு மட்டும் நிக்காம சுவத்துல முட்டி முட்டிக் குதிச்சுது. அன்னிக்கு எஃபெட்ரின், சொன்னேனே.

நான் யார்கிட்டயும் சொல்லலை. தப்புதான். ஆனா என் ரெக்கார்டு நோட்டுலயும் அந்தப் பொய்யை நான் அழகழகா எழுதி, அதுக்கு டாக்டர் "வெரி குட்" போட்டிருந்தாரே!

1954-ல முனிராஜுக்குக் கல்யாணம் ஆச்சு. சந்திரம்மா. சமையல்ல கெட்டிக்காரி. களியும் கறிக்குழம்பும் போட்டு ஆறே மாசத்துல ஆளை நூத்தி முப்பது பவுண்டு ஆக்கிட்டாங்க. எடை பார்த்த டாக்டருக்கு மயக்கமே வந்துருச்சு. நோட்ஸ்ல இருக்கிற அத்தனை டோஸ் கணக்கும் நூத்திப் பன்னெண்டுல! "எப்படியாவது இளைச்சுடுப்பா"ன்னு கெஞ்சினாரு. முனிராஜ் வீட்டுல போய் அரை வயிறு சாப்பிட்டிருக்காரு. மறுநாள் சந்திரம்மா நேரா ஸ்கூலுக்கு வந்துட்டாங்க.

"யாரு அது, என் புருஷன் இளைக்கணும்னு சீட்டு எழுதின டாக்டரு?"

டாக்டர் போர்டுக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டாரு. கடைசியில ஒரு ராசி ஆச்சு. முனிராஜ் வீட்டுல இஷ்டத்துக்குச் சாப்பிடலாம், ரெக்கார்டுல மட்டும் நூத்திப் பன்னெண்டு பவுண்டாவே இருப்பாரு. இது எங்க போய் முடியும்னு யாருக்குத் தெரியும்?

1960-ல முடிஞ்சுது. ரெண்டு சர்க்குலர் ஒண்ணா வந்துச்சு. மொதல் சர்க்குலர்: தற்காலிக வேலையெல்லாம் டிசம்பரோட சரி. முப்பத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கறவங்களை ஒரு கமிட்டி பார்த்து நிரந்தரம் பண்ணும், மத்தவங்க வீட்டுக்குப் போகலாம். முனிராஜுக்கு டிசம்பர்ல முப்பத்தஞ்சு முடியுது. இதை விட்டா கிடையாது. சந்திரம்மாவோட மாமன் மாரிகுப்பத்துல சுரங்கத்துல மேஸ்திரி. "வேலை போனா போகட்டும், இங்க வந்து எங்கூட இறங்கு, நான் சொல்லி வெச்சுட்டேன்"ன்னு லெட்டரே போட்டுட்டாரு. அந்த லெட்டரை முனிராஜ் சட்டைப் பையில வெச்சுக்கிட்டே சுத்தினாரு. ரெண்டாவது பிள்ளை அப்போதான் பொறந்திருந்துச்சு. "எங்கப்பா இறங்கின குழிம்மா அது"ன்னு எங்கிட்ட சொன்னப்போ அவருக்கு உதடெல்லாம் வெளுத்துப்போச்சு.

ரெண்டாவது சர்க்குலர்: எடைக் கணக்கெல்லாம் இனி புது முறையில, கிராம் கிலோவுல எழுதணும். எங்க ஹெட் கிளார்க் ரங்கா, கன்னடக்காரரு, ரொம்ப சின்சியர். அந்த சின்சியாரிட்டிதான் குடியைக் கெடுத்துது. பழைய மருந்து ரெக்கார்டு முழுசையும் மாத்தி எழுத உட்கார்ந்துட்டாரு. அவருகிட்ட இருந்தது ரேஷன் கடையில குடுத்த அட்டை. மணங்குக்கு இவ்வளவு கிலோ, சேருக்கு இவ்வளவு கிராம், தோலாவுக்கு இவ்வளவு கிராம். அதுல கிரெய்ன் இல்லை. டாக்டர் அப்போ திருப்பதி போயிருந்தாரு. ரங்கா தனியா யோசிச்சாரு. அட்டையில இருக்கறதுலயே சின்னது தோலா. மருந்துல சின்னது கிரெய்ன். சின்னதுக்குச் சின்னது சரியாப் போச்சு. ஒரு கிரெய்னுக்கு ஒரு தோலான்னு போட்டு, பதினோரு வருஷக் கணக்கையும் மாத்தி, கீழ கூட்டல் போட்டு, சீலும் அடிச்சுட்டாரு.

அதன்படி 1949 ஆகஸ்ட் பதிமூணாம் தேதி முனிராஜ் சாப்பிட்ட கொய்னா நூத்திப் பதினாறு கிராம். கைப்பிடி கைப்பிடியா தின்னிருக்கணும். ஆளு அங்கயே காலின்னு ரங்காவே எழுதிட்டாரு. அதுக்கப்புறமும் முந்நூத்தி முப்பது தடவை செத்திருக்காரு. பதினோரு வருஷத்துல மொத்தம் ஐம்பத்திரண்டு கிலோ மருந்து. நூத்திப் பன்னெண்டு பவுண்டுங்கறது ஐம்பத்தோரு கிலோதான். ஆளு தன்னை விட ஜாஸ்தியா மருந்து சாப்பிட்டிருக்காரு.

ஒரு வாரத்துல மெமோ வந்துச்சு. "1949-ல் இறந்துபோன முனிராஜ் என்பவரின் பெயரில் தற்போது வேலை செய்துவரும் நபர் யார் என்பதை அந்நபர் கமிட்டி முன் விளக்க வேண்டும்." மெமோ பட்டுவாடா பண்றது முனிராஜ் வேலை. எல்லாருக்கும் குடுத்துட்டு, கடைசியா இருந்ததைத் தனக்கே குடுத்துக்கிட்டு, கையெழுத்தும் போட்டுக்கிட்டாரு. எங்கே? "பெறுபவர், இறந்தவர்" அப்படிங்கற இடத்துல.

நான் ரங்காவோட டேபிளுக்குப் போய்க் கத்தினேன். "ஏன் சார், ஒரு கிரெய்ன்னா அறுபத்தஞ்சு மில்லிகிராம் சார்! ஒரு தோலாவுல நூத்தி எண்பது கிரெய்ன் அடங்கும்!"

"நோடி சிஸ்டர், இங்க பாருங்க, மில்லிகிராம் நம்ம அட்டையில இல்லை."

"அட்டையைத் தூக்கிக் குப்பையில போடுங்க!"

"சீல் ஆயிடுச்சே. பழைய எடையைப் புது எடையா மாத்துன்னுதான் சர்க்குலர் சொல்லுது. புது எடையை இன்னொரு புது எடையா மாத்துன்னு சொல்லலையே. ஏன் மாடோது? என்ன பண்றது?"ன்னு கையை விரிச்சாரு. அதோட விடலை. "இன்னொண்ணு பாருங்க. ரெக்கார்டுல இருக்கிற முனிராஜ் பதினோரு வருஷமும் நூத்திப் பன்னெண்டு பவுண்டு. இந்த ஆளை நான் இன்னிக்கு எடை போட்டேன், நூத்தி முப்பத்தெட்டு. இது அவரே இல்லை. வேற யாரோ."

சந்திரம்மாவோட கறிக்குழம்பு சாட்சி சொல்ல வந்துருச்சு.

கமிட்டியில வெளியூர்லேருந்து வந்த டாக்டர் நோயல்தான் பெரியவரு. கெட்டிக்காரர்னு பேரு. அவரு முன்னால ஒரு பக்கம் ரங்கா, ஒரு பக்கம் டாக்டர் சேஷகிரி, நோட்டுக் கட்டோட நான். நடுவுல முனிராஜ், அதே ஸ்டூல்ல. பழக்க தோஷத்துல அதையும் அவரே தூக்கிட்டு வந்திருந்தாரு.

நோயல் தோலாக் கணக்கைப் பார்த்துட்டுச் சிரிச்சாரு. "இது பைத்தியக்காரத்தனம்னு எனக்குத் தெரியும், ரங்கா. விடுங்க." எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. ஆனா மனுஷன் என் கையிலேருந்து பழைய நோட்டுங்களை வாங்கிப் புரட்ட ஆரம்பிச்சாரு. புரட்டப் புரட்டச் சிரிப்பு போச்சு.

"டாக்டர் சேஷகிரி, தூக்க மருந்து. ஐம்பத்தொண்ணுல இருபதாவது நிமிஷம் தூக்கம். ஐம்பத்தஞ்சுல இருபதாவது நிமிஷம். போன மாசமும் இருபதாவது நிமிஷம். ஒரு நிமிஷம் முன்ன பின்ன இல்லை. எடை கூடுது, வயசு கூடுது, வெறும் வயிறு ஒரு நாள், சாப்பிட்ட வயிறு ஒரு நாள். ஒரே ஆளுக்கே ரெண்டு நாள் ஒரே மாதிரி மருந்து வேலை செய்யாதுன்னு மொதல் பாடத்துல சொல்லிக்குடுக்கறோம். இது மனுஷ உடம்பா, மணிக்கூண்டா?"

"நான் என் கண்ணால பார்த்தேன்"ன்னாரு டாக்டர். "தூங்கினான். ஒவ்வொரு தடவையும் தூங்கினான்."

"நான் நம்பலை. இது உட்கார்ந்து எழுதின ரெக்கார்டு. எடையே பொய். பதினோரு வருஷம் பொய் ரெக்கார்டு வெச்சுப் பாடம் எடுத்திருக்கீங்கன்னு மேல எழுதத்தான் வேணும்."

டாக்டர் எந்திரிச்சாரு. மூக்குக் கண்ணாடியைக் கழட்டினாரு, மாட்டினாரு, மறுபடி கழட்டினாரு. நான் முனிராஜைப் பார்த்து, வேண்டாம்னு தலையாட்டினேன். வாயைத் திறந்தா வேலை போச்சு. ஏமாத்தினவனை யாரு நிரந்தரம் பண்ணுவாங்க? அவரு கை ஒரு தடவை சட்டைப் பையில இருந்த அந்த லெட்டரைத் தொட்டுச்சு. அப்புறம் ஸ்டூலை விட்டு எந்திரிச்சாரு.

"டாக்டர் மேல தப்பு இல்லைங்க. நான்தான் குடிக்கலை. எல்லாத்தையும் தொட்டியில தவளைக்கு ஊத்திட்டேன். தூங்கற மாதிரி நடிச்சேன். எழுதறதா இருந்தா என் பேரை எழுதுங்க."

டாக்டர் சேஷகிரி அவரைத் திரும்பிப் பார்த்தாரு.

"குறட்டை விட்டியேடா."

"அதுவும் மரியாதைக்குத்தாங்க, டாக்டரே."

அடப்பாவி மனுஷா, இவ்வளவு வெள்ளந்தியாவா ஒருத்தன் தன் குழியைத் தானே தோண்டுவான்! எனக்கு அழுகையும் கோவமும் சேர்ந்து வந்துச்சு.

நோயல் நம்பமாட்டேன்னு தொட்டியைக் காட்டச் சொன்னாரு. குடை பிடிச்சுக்கிட்டு எல்லாரும் பின்பக்கம் போனோம். ஐப்பசி மழை. பெங்களூருல இருக்கிற அத்தனை தவளையும் தொண்டை கிழியக் கத்துது, எங்க தொட்டியில மட்டும் சத்தமே இல்லை. ஒண்ணு மேல ஒண்ணு சாய்ஞ்சு தூங்குதுங்க. நோயல் பேனாவால ஒண்ணை நெம்பினாரு. அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்துட்டு மூடிக்கிச்சு. "நேத்து என்ன ஊத்தினே?"ன்னு கேட்டாரு. "நேத்து சனிக்கிழமைங்களே, தூக்க மருந்து"ன்னாரு முனிராஜ். ஞாயித்துக்கிழமை கமிட்டி வெச்ச கொடுமையையும் இங்கயே சொல்லிடறேன். நோயல் குனிஞ்சு, ரெண்டு மூணு தவளையை நெம்பிப் பார்த்து, வாட்ச்சைப் பார்த்து, தன்னை மறந்து குறிப்பெடுக்க ஆரம்பிச்சுட்டாரு.

ரங்காவுக்குத்தான் பொறுக்கலை. மழையில நின்னுக்கிட்டே ஃபைலைப் பிரிச்சாரு. "சார், இவன் வேலையே பார்க்கலை சார்! இவன் வேலை என்னன்னு அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டர்ல தெளிவா இருக்கு, படிக்கறேன் கேளுங்க. 'தவளை அட்டெண்டர். தவளைகளைப் பராமரிக்க வேண்டியது. டாக்டர் குறிப்பிடும் மருந்துகளை, குறிப்பிடும் அளவில், தவளைகளுக்குக் கொடுக்க...'"

அந்த இடத்துல ரங்கா படிக்கறதை நிறுத்திட்டுத் தொட்டியைப் பார்த்தாரு. ஆர்டர் நனைஞ்சுக்கிட்டிருந்துச்சு.

நோயல் அதை வாங்கி ரெண்டு தடவை படிச்சாரு. தவளையைப் பார்த்தாரு. முனிராஜைப் பார்த்தாரு. "இந்தக் கட்டடத்துல ஆர்டர்ல இருக்கிற வேலையைச் செஞ்ச ஒரே ஆளு இவன்தான்யா"ன்னாரு. நின்ன இடத்துலயே, என் முதுகுல காகிதத்தை வெச்சு, நிரந்தரம்னு கையெழுத்துப் போட்டாரு. பேனா எழுதினது எனக்கு முதுகெலும்புல தெரிஞ்சுது. முனிராஜ் சட்டைப் பையிலேருந்து மாமன் லெட்டரை எடுத்து, நாலா மடிச்சு, தொட்டியில போட்டாரு. ஒரு தவளை அது மேல ஏறிப் படுத்துக்கிச்சு.

டாக்டர் சேஷகிரி மேல யாரும் எதுவும் எழுதலை. ஆனா மனுஷன் குடையை மறந்து வெச்சுட்டு நனைஞ்சுக்கிட்டே வீட்டுக்குப் போனாரு. மூணு வாரம் வகுப்பு எடுக்கலை. முனிராஜுக்கு வேலை கிடைச்ச சந்தோஷமே இல்லை. தினமும் டாக்டர் ரூமைப் பெருக்கி, நாற்காலியைத் துடைச்சு வெச்சுட்டு வாசல்ல நிப்பாரு. நாலாவது சனிக்கிழமை டாக்டர் வந்தாரு. நேரா வந்து அந்த ஸ்டூல்ல தானே உட்கார்ந்தாரு.

"இனிமே யாரையும் கஷ்டப்படுத்த வேண்டாம். என் எடை நூத்தி எழுபத்தெட்டு பவுண்டு. கணக்குப் போடுங்கோ. தூக்க மருந்து."

பிள்ளைங்க கணக்குப் போட்டாங்க. நான் சரிபார்த்தேன். முனிராஜ் மருந்து கொண்டுவந்தாரு. இந்தத் தடவை நிஜ மருந்து, நானே முகர்ந்து பார்த்தேன். டாக்டர் குடிச்சாரு. இருபத்தி ரெண்டு பொண்ணுங்க கையில வாட்ச். பத்து நிமிஷம். பதினஞ்சு. டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்காரு. பதினெட்டு. மூணு வாரமா தூங்காத கண்ணு செக்கச் செவேல்னு முழிச்சுக்கிட்டே இருக்கு. மனசு தவிச்சா மருந்து அவ்வளவு லேசுல பிடிக்காது, அதுவும் பாடம்தான், ஆனா அதை அப்போ யாரு சொல்றது? பின் வரிசையில ஒருத்தி கிசுகிசுன்னு ஆரம்பிச்சா. டாக்டர் போர்டைப் பார்த்தாரு. 'இருபது'ன்னு அவரே எழுதி வெச்சிருந்தாரு. அந்த மூஞ்சி வாட ஆரம்பிச்சுது.

மூலையில கிளாஸ் கழுவிக்கிட்டிருந்த முனிராஜ் கையைத் துடைச்சுக்கிட்டு வந்தாரு. டாக்டர் காதுகிட்ட குனிஞ்சாரு. பக்கத்துல நின்ன எனக்கு மட்டும்தான் கேட்டுது.

"டாக்டரே, கண்ணை மூடிக்கோங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

டாக்டர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாரு. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டாரு. தலை மெதுவா முனிராஜோட கை மேல சாய்ஞ்சுது. முனிராஜ் கையை அசைக்காம, நிமிர்ந்து பிள்ளைங்களைப் பார்த்து, "இருபதாவது நிமிஷம், தூக்கம், எழுதிக்கோங்க"ன்னாரு.

எல்லாரும் எழுதினாங்க. சாயங்காலம் நோட்டுத் திருத்தறப்போ பார்த்தேன், முன் வரிசையில உட்கார்ந்த பொண்ணு ஒருத்தி பக்கவிளைவுங்கற இடத்துல 'இரண்டு கண்ணிலும் நீர்'னு எழுதியிருந்தா. எந்தப் புஸ்தகத்துலயும் அது கிடையாது. சரின்னு டிக் போட்டேன்.